நொடிக்கு 25 படம்: நிறுத்தி எடுப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

அமாவாசை இரவு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம். அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து போனவர்களும் வெளியூர்க்காரர்களும் கலந்து நிற்கும் கூட்டத்தில், தலைக்கு மேலே செல்ஃபோன்கள் உயர்கின்றன. பம்பைச் சத்தத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிடுகிறது. அவள் ஆடுவது யாரோ எடுக்கும் வீடியோவில் பதிகிறது. ஓடும் வீடியோவில் பார்த்தால் அது பக்தி. அதே வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, சேலை விலகிய அரைக் கணத்தில் நிறுத்திப் படமாக்கி வாட்ஸ்அப்பில் விட்டால்? ஆடியது, பம்பை, கூட்டம் எதுவும் அந்தப் படத்தில் இருக்காது. அவள் மட்டும் இருப்பாள்.

இப்படிப் படம் பிடிக்கத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்யாண வீடியோ வழக்கமாக நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும். ஃபோன் வீடியோ பெரும்பாலும் 30. ஒரு நிமிடத்துக்கு 1,500 படங்களாவது உள்ளே இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் 'ஈ' விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஷிப்ட்டையும் 'எஸ்' விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையில் நிற்பது படமாகிவிடும்; பிக்சர்ஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். ஃபுல் ஹெச்டி வீடியோவில் எடுத்த ஒரு ஃபிரேமுக்கு 20 லட்சம் பிக்சலுக்கு மேல் உண்டு. போட்டோகிராபர் தவறவிட்ட தாலி கட்டும் நேரத்தை ஆல்பத்துக்கு மீட்டுக் கொடுப்பதும் இந்த விசைகள்தான்.

அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இதை விட்டுவைக்கவில்லை. ஒரு திரைப்படத்தில் உள்ள எந்தக் காட்சியையும் புகைப்படமாக எடுப்பது, அந்தப் படத்தை நகலெடுப்பதற்குச் சமம் என்கிறது 14-ஆவது பிரிவு. சட்டத்தின் கணக்கில் வீடியோப் பதிவும் 'திரைப்படம்'தான்.

கல்யாண வீட்டாருக்கு வேண்டியது 17-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே. வேறுவிதமாக உடன்பாடு இருந்தால்தான் இது மாறும். அதாவது, மண்டபத்தில் கேமராவோடு நின்றது ஸ்டுடியோக்காரர் என்றாலும், உரிமை பெண் வீட்டாருக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்கோதான். தங்கள் வீடியோவிலிருந்து ஆயிரம் படம் எடுத்துக்கொள்ள அவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மணப்பெண்ணின் முகத்தை வெட்டிக் கடை வாசல் பேனரில் போட நினைக்கும் ஸ்டுடியோதான் கேட்க வேண்டும்.

சினிமா, சீரியல், பிறருடைய யூடியூப் வீடியோ என்றால் கணக்கு வேறு. சொந்தப் பார்வைக்கோ ஆராய்ச்சிக்கோ, விமர்சனத்துக்கோ, நடப்புச் செய்திக்கோ நியாயமான அளவில் ஒரு ஃபிரேமை எடுத்தாள 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது சட்டம்.

சொத்துரிமை ஒரு பக்கம். மானம் இன்னொரு பக்கம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமில்லாமல் படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம். ஆண், பெண் பேதமில்லை. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணைப் படம்பிடிப்பது பற்றியது. அதன் விளக்கக் குறிப்பை ஊன்றிப் படிக்க வேண்டும்: படம் எடுக்க அவள் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்பியது குற்றமே. "அவளே கொடுத்ததுதானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

தமிழ்நாடு இதை நேரில் பார்த்திருக்கிறது. பெண்களை வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தது 2019-இல். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும் வரை சிறை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில், ஒரு பெண்ணின் அந்தரங்க வீடியோ பல தளங்களில் பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்படி ஒன்று நேர்ந்தால் பயத்தில் எல்லாவற்றையும் டெலீட் செய்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. படம் வந்த எண், பக்கத்தின் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பிறகு cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் புகார் தரலாம். பெயர் சொல்லாமலும் தர வழி இருக்கிறது. மிரட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். நேரில் போவதானால் அவலூர்பேட்டை காவல் நிலையமே போதும். சம்பவம் வேறு ஊரில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு. படம் இன்னும் பரவவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் StopNCII.org உதவும். படம் ஃபோனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போய், அங்கே அது ஏறாமல் தடுக்க உதவும். இது 18 வயது நிறைந்தவர்களுக்கு. குழந்தைகள் விஷயத்தில் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

படமே சாட்சியாகும் நேரமும் உண்டு. வண்டி திருட்டு, விபத்து, வாய்க்கால் தகராறு என்று சிசிடிவியில் ஒரு ஃபிரேம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆனால் அந்த ஒற்றைப் படத்தின் பிரிண்ட் மட்டும் கோர்ட்டில் நிற்காது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தேர்தல் வழக்கில், வேட்புமனு மாலை 3 மணிக்குள் வந்ததா என்பதே கேள்வி. சாட்சி, அதிகாரி அறையின் வீடியோ. 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மூலப் பதிவுக் கருவியையே கொண்டு வராவிட்டால் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம். இன்றைக்கு அந்த விதி இருப்பது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவில். கோப்பின் டிஜிட்டல் கைரேகையான ஹாஷ் எண்ணையும் எழுதித் தர வேண்டும். ஆகவே வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் முழு வீடியோவையும் பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். சிசிடிவி பதிவாகும் டிவிஆர் பெட்டி பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். தாமதித்தால் அந்த ஃபிரேமே இருக்காது.

கல்யாண வீட்டார் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே ரசீதில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மூல வீடியோ முழுவதையும் ஹார்டு டிஸ்கில் தர வேண்டும். வீட்டார் அனுமதி இல்லாமல் படமோ காட்சியோ விளம்பரத்துக்குப் போகக்கூடாது. பேச்சு மாறினால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது வாங்கிய கையோடு அதையும் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்தால், ஆணையத்துக்குப் போகும்போது மை மங்கிப்போயிருந்தாலும் தேடி அலைய வேண்டியிருக்காது.