“வெஜ்” என்றால் பால் இல்லையா? பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறாதீர்கள்!

குமணன்சாவடி—

“வெஜ்தான் சார், தைரியமா சாப்பிடுங்க” என்று சர்வர் சொன்னதும் தட்டில் கை வைத்துவிடாதீர்கள். அந்த ‘வெஜ்’ஜுக்குள் பால், வெண்ணெய், சீஸ் எல்லாம் ஒளிந்திருக்கலாம்!

குமணன்சாவடி, பூந்தமல்லி பக்கம் பிரியாணி, பரோட்டாவோடு இப்போது பீட்சா, பாஸ்தாவும் கிடைக்கிறது. கோழியும் சீஸும் மணக்கும் இத்தாலிக் கடைக்குள் ‘வீகன்’ ஆசாமி நுழைந்தால் என்ன சாப்பிடுவார்?

இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எதையும் தொடாதவர்தான் வீகன். 1944-ல் இங்கிலாந்தில் பிறந்த சொல் இது. கொள்கைக்காகப் பாலை விட்டவர் ஒரு பக்கம். பால் ஒவ்வாமை உள்ளவர் இன்னொரு பக்கம். இவருக்கு ஒரு கரண்டி சீஸ்கூட ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகலாம்!

சட்டம் என்ன சொல்கிறது?

பச்சைப் புள்ளி சைவத்துக்கு மட்டுமே அடையாளம். சட்டப்படி பாலும் தேனும் அதில் அடக்கம். வீகன் பாக்கெட் உணவுக்கென 2022-ல் தனி விதி வந்தது. அதற்கு ‘வி’ எழுத்தின் மேல் இலை துளிர்த்த தனி முத்திரை உண்டு.

10 அல்லது அதற்கு மேல் கிளை வைத்துள்ள ஓட்டல்கள், பண்டத்தில் பால், முட்டை உண்டா என்ற ஒவ்வாமை விவரத்தைத் தர வேண்டும். கேட்பது உங்கள் உரிமை!

எது தப்பும்? எது மாட்டும்?

‘மரினாரா’ பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய்தான், சீஸே கிடையாது. காய்ந்த பாஸ்தா கோதுமை ரவையும் தண்ணீரும். அதைப் பூண்டு, மிளகாய், எண்ணெயில் புரட்டித் தரச் சொல்லலாம்.

கடையிலேயே பிசையும் பாஸ்தாவில் முட்டை இருக்கலாம். ஒயிட் சாஸ் என்றால் பாலும் வெண்ணெயும். பச்சையாகத் தெரியும் ‘பெஸ்டோ’விலும் சீஸ். பூண்டு ரொட்டியில் வெண்ணெய்.

சைவக்காரர்களுக்கும் ஒரு சேதி: இத்தாலியின் அசல் ‘பார்மசான்’ சீஸை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள்!

எப்படிக் கேட்பது?

“வீகன் இருக்கா?” என்றால் சர்வர் விழிக்கலாம். ஆகவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

“மாவுல பால் பவுடர் போடுறீங்களா?”

“சாஸ்ல வெண்ணெய், கிரீம் இருக்கா?”

“பாஸ்தாவுல முட்டை உண்டா?”

“மேல சீஸ் தூவாம தருவீங்களா?”

தெரியாது என்று சொன்னால், சமையல்காரரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சீஸ் வெட்டிய கத்தியே அடுத்த பீட்சாவிலும் பாயும். சரியான பதில் கிடைக்காவிட்டால் எழுந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

காசு கொடுப்பது நீங்கள். கேட்பதற்கு என்ன கூச்சம்?