இந்தி கற்க விழைவோர்க்கு

வேலையின் பொருட்டு நம் பிள்ளைகள் பலர் மும்பைக்கும் டில்லிக்கும் செல்கின்றனர். ஒரு மொழியைத் திணிப்பது வேறு. தேவை கருதித் தாமே விரும்பிக் கற்பது வேறு. முன்னதை எதிர்ப்போரும் பின்னதை இகழார். ஆகவே, கற்க விழைவோர் அதனைச் செவ்வனே கற்பது எவ்வாறு என்பதை இங்கே சிந்திப்போம்.

வழிகள் பல உள. 1918-இல் காந்தியடிகள் சென்னையில் தோற்றுவித்த தட்சிண பாரத இந்தி பிரசார சபை, படிப்படியாகத் தேர்வுகளை நடத்துகிறது. 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக, வீட்டிலிருந்தவாறே இந்தியில் பட்டம் பெறலாம். மத்திய அரசின் 'லீலா' என்னும் இணையப் பாடங்கள் தமிழ் வழியாகவே அம்மொழியைக் கற்பிக்கின்றன.

இவற்றுள் எது சிறந்தது என்று பெற்றோர் வினவுவர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையைத் தீர்க்கும் என்பதே விடை.

நாம் 'க' என்று எழுதும் ஓரெழுத்தின் இடத்தில் இந்தியில் நான்கு எழுத்துகள் உண்டு. உணவு என்னும் பொருள்படும் சொல்லையும், பாட்டு என்னும் பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கானா' என்றாகும். நூலை மட்டும் நம்புவோர் உணவு கேட்கப் போய்ப் பாட்டைக் கேட்பர்! இதற்குச் செவிப்பயிற்சி வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்க வாய்ப்பளிக்கும் இணையப் பாடம் இங்கே பெரிதும் உதவும்.

தமிழில் அஃறிணைப் பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. இந்தியிலோ புத்தகம் பெண்பால், வீடு ஆண்பால். அதற்கேற்ப அடைமொழியும் வினையும் மாறும். இதனை முறைப்படுத்திக் கற்பிப்பது இலக்கணப் பாடம். இங்குப் பல்கலைக்கழகக் கல்வியே துணை. ஆயினும் அஞ்ச வேண்டா. வினைச்சொல் வாக்கிய இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின் நிற்பதும் இரு மொழிக்கும் பொது.

வயது கடந்துவிட்டதே என்று தயங்குவோர் காமில் புல்கே அடிகளாரை நினைத்துக்கொள்க. பெல்ஜியத்தில் பிறந்து பொறியியல் பயின்ற இந்த இயேசு சபைக் குரு, 1935-இல் இந்தியா வந்தபோது இருபத்தைந்து வயது கடந்தவர். பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இராமகதை குறித்து இந்தியிலேயே ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றார். 1968-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில-இந்தி அகராதி பெரும்புகழ் பெற்றது. 1974-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

எனினும் சான்றிதழ் பேசாது, நாவே பேசும். தேர்வில் வென்றவரும் பேசிப் பழகாவிடில் கடைத்தெருவில் வாயடைத்து நிற்பர். இன்று திருப்பூரிலும் சென்னையிலும் பீகார் முதலிய வட மாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். மருத்துவரிடம் தம் நோயைச் சொல்லவும் மொழியின்றி அவர்கள் தவிப்பதுண்டு. நாள்தோறும் கால்மணி நேரம் அவர்களுடன் உரையாடுங்கள். அவர்கள் உங்கள் உச்சரிப்பைத் திருத்துவர். நீங்கள் அவர்களுக்குத் தமிழ் கற்பியுங்கள். கட்டணமில்லாத இக்கல்வியில் இருவரும் ஆசிரியர், இருவரும் மாணாக்கர்.