மரப்பொந்தில் குடியிருந்தவர்

புதிய ஊருக்குக் குடிபெயர்வோரை முதலில் வாட்டும் கேள்வி, 'இன்றிரவு எங்கே தங்குவது?' என்பதுதானே! அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், பசிபிக் கரையோரம் உள்ள டில்லமூக் மாவட்டத்திற்கு 1851ஆம் ஆண்டு வந்திறங்கிய முதல் வெள்ளைக் குடியேறி ஜோ சாம்பியன், உட்புறம் குடைவாய் இருந்த பெரும் ஸ்ப்ரூஸ் மரமொன்றில் குடிபுகுந்தார். அதற்குக் 'கோட்டை' என்று பெயரும் சூட்டினார்!

அவர் அங்கே நிலைத்ததற்கு அம்மண்ணின் மக்களுடைய தலைவர் கில்சிஸ் காட்டிய நல்லுறவே பெருந்துணை என்பதை நாம் மறந்துவிடலாகாது. பின்வந்தோர் பசு வளர்த்தனர். வெண்ணெய் விற்கச் சந்தைக்குச் செல்ல வழியில்லை. பின்புறம் மலை, முன்புறம் கடல். ஆகவே தாங்களே கூடி ஒரு பாய்மரக் கப்பல் கட்டி, 'விடிவெள்ளி' எனப் பெயரிட்டு, 1855இல் கடலில் இறக்கினர். பிற்காலத்தில் அவ்வூர்ப் பாலாடைக்கட்டியின் சின்னமானது அக்கப்பலே.

ஆனால் வாசகர்களே, நிலம் யாருடையது? 1851 ஆகஸ்டில் டில்லமூக் மக்களோடு அரசு அதிகாரி உடன்படிக்கை செய்தார். அமெரிக்க செனட் சபை அதனை ஏற்கவேயில்லை. எனினும், மணமாகாத குடியேறிக்கு 160 ஏக்கர், தம்பதியருக்கு 320 ஏக்கர் என நிலம் வழங்கும் சட்டம் மட்டும் தடையின்றி நடந்தது. கில்சிஸின் பெயர் ஓர் ஆற்றுக்கு வாய்த்தது. அது இன்றும் டில்லமூக் விரிகுடாவில் கலக்கிறது.