நோய்க்குச் சிகிச்சை உண்டு. இழந்த கூலிக்கு ஈடு யாருக்குக் கிடைக்கிறது?

புது தில்லி: தினக்கூலித் தொழிலாளி ஒருவர் நோய்வாய்ப்படும்போது அவரது குடும்பத்துக்கு இரண்டு இழப்புகள் ஒரே நாளில் தொடங்குகின்றன. ஒன்று சிகிச்சைச் செலவு. மற்றொன்று, வேலைக்குச் செல்லாத ஒவ்வொரு நாளும் கைக்கு வராமல் போகும் கூலி. முதல் இழப்பைக் குறைப்பதற்கு மத்திய, மாநில அரசுகள் கடந்த சில ஆண்டுகளில் பல திட்டங்களைக் கொண்டுவந்துள்ளன. இரண்டாவது இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடும் நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. ஆனால், அது மிகவும் தேவைப்படும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர்.

சிகிச்சை வரை மட்டுமே

2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிவைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பீடு வழங்குகிறது. அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 3 நாள்களுக்கும், வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்குமான மருந்து, பரிசோதனைச் செலவுகளும் இதில் அடங்கும். செயலி வழியாகப் பணிபுரியும் விநியோகப் பணியாளர்கள், வாடகைக் கார் ஓட்டுநர்கள் உள்ளிட்ட சுமார் ஒரு கோடி பேருக்கும் இதை விரிவுபடுத்துவதாக 2025 பிப்ரவரி மாத மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

இத்திட்டத்தில் பணம் மருத்துவமனைக்குச் செல்கிறது, நோயாளிக்கு அல்ல. அறுவைச் சிகிச்சை முடிந்த கட்டுமானத் தொழிலாளி இரண்டு மாதம் எடை தூக்கக் கூடாது என மருத்துவர் கூறினால், அந்த இரண்டு மாத வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் காப்பீட்டுக் கணக்கில் வருவதில்லை.

புள்ளிவிவரங்களிலும் இந்த இழப்பு மறைந்தே இருக்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலுத்தும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22-இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்ததாக தேசிய சுகாதாரக் கணக்கு மதிப்பீடு காட்டுகிறது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்தான். எனினும், மருத்துவமனைக்கும் மருந்தகத்துக்கும் செலுத்திய தொகையே இங்கு கணக்கிடப்படுகிறது. இழந்த கூலி அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் காசநோயாளிகளின் செலவை ஆராயும்போது மட்டும் வேறு அளவுகோலைக் கையாள்கிறது: சிகிச்சைச் செலவு, பயணச் செலவு, இழந்த வருமானம் ஆகியவை சேர்ந்து குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால், அது பேரிடர்ச் செலவாகக் கருதப்படுகிறது.

இ.எஸ்.ஐ. என்ன தருகிறது?

கூலி இழப்பை நேரடியாக ஈடுசெய்யும் பெரிய அமைப்பு, தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் எனப்படும் இ.எஸ்.ஐ. ஆகும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான இத்திட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில், மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோர் இதில் சேர்க்கப்படுகின்றனர். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். ரூ.15,000 ஊதியம் பெறுபவரிடம் மாதத்துக்குச் சுமார் ரூ.113 மட்டுமே பிடிக்கப்படுகிறது.

இதற்கு ஈடாக, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவச் சிகிச்சையுடன் நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. பணிக்குச் செல்ல இயலாது என இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றளிக்கும் நாள்களுக்கு, சராசரி ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை வழங்கப்படும். நோயின் முதல் 2 நாள்களுக்குத் தொகை இல்லை. காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, 91 நாள் முடிந்த பின்னரும் 80 சதவீத ஊதியம் தொடரும்; இதற்கு இரண்டு ஆண்டு தொடர் பணியும் குறைந்தபட்ச சந்தா நாள்களும் தேவை. பணியிட விபத்தில் காயமடைந்தால் 90 சதவீதமும், மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியமும் கிடைக்கும்.

அதிகம் அறியப்படாத மற்றொரு பாதுகாப்பும் உண்டு. நோய்க்கால உதவித்தொகை பெறும் நாள்களில் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு தடை விதித்தது. காய்ச்சல் என்று இரண்டு வாரம் வராதவரின் இடத்தில் வேறொருவரை அமர்த்திவிடும் வழக்கம் பரவலாக உள்ள நாட்டில், இது உதவித்தொகைக்கு இணையான மதிப்புடையது.

78 நாள் தடை

உதவித்தொகை பெறுவதற்கு, ஆறு மாத சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்திய சந்தாவுக்கு அதை அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் பயன் கிடைக்கும். நிரந்தரப் பணியாளருக்கு 78 நாள் என்பது எளிதான நிபந்தனை. ஒப்பந்தத் தொழிலாளர்களோ இங்குதான் தடுமாறுகின்றனர்.

ஒப்பந்ததாரர் மாறும்போது இடையில் சில வாரங்கள் விடுபடுகின்றன. முந்தைய காப்பீட்டு எண்ணைத் தெரிவிக்காமல் புதிய எண் பெற்றுவிட்டால், இரு இடங்களிலும் உழைத்த நாள்கள் ஒரே கணக்கில் சேராமல் போகும். ஆகவே, பணியிடம் மாறுவோர் பழைய காப்பீட்டு எண்ணையே புதிய நிறுவனத்திடம் அளிப்பது முக்கியம். ஊதியத்தில் பிடித்த தொகையை நிறுவனம் கழகத்துக்குச் செலுத்தத் தவறினாலும் தொழிலாளி உரிமையை இழக்க வேண்டியதில்லை. உரிய பயனைத் தொழிலாளிக்கு வழங்கிவிட்டு, தொகையை நிறுவனத்திடமிருந்து வசூலிக்கக் கழகத்துக்குச் சட்டம் அதிகாரம் அளித்துள்ளது. சம்பளச் சீட்டைப் பாதுகாத்து வைப்பது இத்தகைய நேரங்களில் கைகொடுக்கும்.

ஒரே நோய், இரு கணக்குகள்

வரம்புக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியைக் காசநோயை வைத்துப் பார்க்கலாம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். மருந்துகள் இருவருக்கும் இலவசம். ஊட்டச்சத்துக்காக ‘நிக்ஷய் போஷண்’ திட்டத்தில் வழங்கப்படும் தொகையும் இருவருக்கும் பொது. 2018-இல் மாதம் ரூ.500 எனத் தொடங்கிய அது, 2024 நவம்பர் முதல் ரூ.1,000 ஆனது.

நாளொன்றுக்குச் சராசரியாக ரூ.500 ஊதியம் பெறும் இருவர் ஆறு மாதமும் பணி செய்ய இயலாத நிலையில் இருப்பதாகக் கொள்வோம். தகுதியுள்ள இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு முதல் 91 நாள்களுக்கு நாளொன்றுக்கு ரூ.350-உம், எஞ்சிய நாள்களுக்கு ரூ.400-உம் எனச் சுமார் ரூ.67 ஆயிரம் கிடைக்கும். தெருவோரக் கடையிலோ வீட்டு வேலையிலோ இருப்பவருக்கு ஆறு மாத ஊட்டச்சத்துத் தொகையான ரூ.6,000 மட்டுமே. சற்று உடல் தேறியதும் வேலைக்கு ஓடுவதையும், அதனால் சிகிச்சை தடைபடுவதையும் நோயாளியின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வேலையே நோயைத் தரும்போது

நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு மிகக் கொடுமையாக வெளிப்படுவது சிலிகோசிஸ் எனும் நுரையீரல் பாதிப்பில். கல் உடைக்கும்போதும் அரைக்கும்போதும் எழும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலைத் தழும்பாக்குகிறது. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அறிகுறிகள் ஒத்திருப்பதால் பலருக்குக் காசநோய் எனத் தவறாக முடிவு செய்யப்படுகிறது. மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் கோத்ரா பகுதிக்குக் கல் அரவை வேலைக்குச் சென்று உயிரிழந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா ரூ.3 லட்சம் வழங்குமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் மிகுந்த ராஜஸ்தான், 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. நோய் உறுதியானதும் ரூ.3 லட்சமும், மரணத்துக்குப் பின் குடும்பத்துக்கு ரூ.2 லட்சமும், மாத ஓய்வூதியமும் அதில் அறிவிக்கப்பட்டன. வேலைக்கான எந்த ஆவணமும் இல்லாதவருக்கும் மருத்துவச் சான்றின் அடிப்படையில் உதவி சேர வழி செய்தது இக்கொள்கையின் பலம்.

ஆந்திரம் காட்டிய வழி

அமைப்புசாராத் தொழிலாளரின் ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதே இ.எஸ்.ஐ.யை விரிவுபடுத்த முடியாததற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். இந்தச் சிக்கலைத் தவிர்க்க முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணியின்போது காயமடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு இலவசச் சிகிச்சையுடன் கூலியில் பாதிக்குக் குறையாத தினப்படியும் வழங்க விதி இடம்பெற்றது.

2019 டிசம்பரில் ஆந்திரப் பிரதேச அரசு குண்டூரில் தொடங்கிய ‘ஒய்.எஸ்.ஆர். ஆரோக்ய ஆசரா’ திட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அரசுக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை பெற்றவருக்கு, மருத்துவர் பரிந்துரைக்கும் ஓய்வுக் காலத்துக்கு நாளொன்றுக்கு ரூ.225, மாதம் அதிகபட்சம் ரூ.5,000 எனத் தொகை அறிவிக்கப்பட்டது. தொழிலாளியின் உண்மையான கூலி எவ்வளவு என்று இத்திட்டம் கேட்கவில்லை. நிறுவனத்தின் சான்றும் தேவைப்படவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஆவணமே போதுமானதாக இருந்தது. தொகை சிறிதுதான், ஆனால் கணக்கீட்டுச் சிக்கல் அதில் எழவே இல்லை.

மத்திய அளவிலும் சட்டக் கதவு ஒன்று உள்ளது. இ.எஸ்.ஐ. சட்டத்தை உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் செயலி வழிப் பணியாளர்களுக்கும் கழகத்தின் பயன்களை வழங்கத் தனித் திட்டம் வகுக்க 45-ஆவது பிரிவில் மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் ஆதார் எண்ணுடன் பதிவு செய்துள்ளனர். யாருக்கு என்பதற்கான பட்டியல் இதனால் கைவசம் உள்ளது. இந்தப் பிரிவின்கீழ் வகுக்கப்படும் எந்தத் திட்டத்திலும் முதலில் முடிவாக வேண்டியது, முதலாளி என ஒருவர் இல்லாத தொழிலாளிக்காக அந்த 3.25 சதவீதத்தை யார் செலுத்துவது என்பதே.