ஜீப்புக்கு அடியில் கேட்கும் ‘டக்’

போடிமெட்டு இறக்கத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தேன். அடியில் ‘டங்’கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி இன்ஜின் பிடிப்பு விட்டுப்போய், என் பழைய ஜீப் தன் பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. கை பிரேக்கை இழுத்தேன். பிடிக்கவே இல்லை. கால் பிரேக் கைகொடுத்ததால் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்த முடிந்தது.

உடைந்தது பின் ஷாஃப்டின் கிராஸ். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் இரு முனையிலும், கூட்டல் குறி மாதிரி இருக்கும் இரும்புத் துண்டு அது. வண்டி பள்ளம் மேட்டில் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் வளைந்து கொடுப்பது இதனால்தான். ஒவ்வொரு கிராஸுக்கும் நான்கு முனை, முனைக்கு ஒரு கப், கப்புக்குள் ஊசி பேரிங்குகள். இவற்றுக்கு உயிர் கிரீஸ்தான்.

கை பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் கை பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது; முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில், ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் இதே ஏற்பாடுதான். அது பிடிப்பது ஷாஃப்டை. கிராஸ் உடைந்து ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்தால், கை பிரேக்கும் போச்சு, இன்ஜின் பிரேக்கும் போச்சு. மலை இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஷாஃப்டின் முன்முனை கழன்று விழுந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஓடுகிற வேகத்தில் அது தரையில் குத்தி, வண்டியையே தூக்கிவிடக்கூடும்.

இத்தனைக்கும் கிராஸ் சொல்லாமல் போகவில்லை. கிளட்சை விடும்போதெல்லாம் மூன்று வாரமாக ஒரு ‘டக்’. மெதுவாகப் போகையில் குருவி கத்துவதுபோல ‘கீச் கீச்’. வேகம் எடுத்தால் இன்ஜின் சத்தத்தில் அது கரைந்துவிடும். சர்வீஸுக்கு விட்டு எடுத்த வண்டிதானே என்று நானும் அசட்டையாக இருந்துவிட்டேன்.

உடைந்த கிராஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று முனைகளில் கிரீஸ் பளபளத்தது. நான்காவது முனை வறண்டு, செங்கல் நிறத்தில் துரு; ஊசிகள் படுத்திருந்த இடமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம். சர்வீஸில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள், ஆனால் உள்ளே ஒரு வழி அடைத்துக்கொண்டதைக் கவனிக்கவில்லை. நான்கு கப்பின் சீல் வழியாகவும் புது கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிப்பதுதான் முறை. ஒரு பக்கம் வராவிட்டால் ஷாஃப்டை அசைத்துச் சுழற்றி மறுபடி அடிக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் கிராஸை மாற்றிவிடுங்கள். ஆற்றில், ஓடையில் இறக்கிய வண்டிக்கு அன்றைக்கே கிரீஸ் அடித்துவிட வேண்டும். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இல்லாத, சீல் வைத்த கிராஸ் என்றால் ஆட்டம் கண்டதும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆட்டத்தை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விடுங்கள். கிராஸின் இரு பக்கமும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸிலேயே ஆட்டம் தெரிந்தால், கப்பைச் சுற்றிச் சிவப்புத் தூள் இருந்தால், அந்த வண்டி மலை ஏறக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஷாஃப்டைக் கழற்றினால் முதலில் சாக்பீஸால் குறி போட்டு, பழைய நிலையிலேயே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இரு முனையும் ஒன்றுக்கொன்று நேர் தவறினால் வண்டி நடுங்கும். புது கிராஸும் சீக்கிரம் போகும்.

புதிய வண்டிகளின் முன் ஆக்சிலில் கிராஸுக்குப் பதிலாக இருப்பது சி.வி. ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போகும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘கடக் கடக்’ என்று கேட்டால் ஜாயின்டே தேய்ந்துவிட்டது என்று பொருள். கிழிசலைக் கண்டவுடன் பூட்டை மாற்றினால் செலவு அதோடு முடியும். அழகுக்காக வண்டியின் உயரத்தைக் கூட்டுகிறவர்கள் ஜாயின்டின் கோணத்தையும் கூட்டுகிறார்கள். தேய்மானம் வேகமாகும், வாரண்டி கேட்டுப் போனால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

இனி உரிமைக்கு வருகிறேன். என் சர்வீஸ் பில்லில் இருந்தது ‘ஜெனரல் சர்வீஸ்’ என்ற ஒரே வரி. என்ன செய்தார்கள், எதை விட்டார்கள் என்று அதை வைத்து எப்படிக் காட்டுவது? செய்த வேலையை வரி வரியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பழைய உதிரிபாகத்தையும் கேட்டு வாங்குங்கள். குறை பொருளில் என்றால், தேவைப்படும்போது அதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. குப்பையில் போட்டுவிட்டால் சாட்சியும் போய்விடும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளில் உள்ள குறைபாட்டுக்கும் சேவையில் உள்ள குறைபாட்டுக்கும் இழப்பீடு கேட்க வழி தருகிறது. முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.

ஜீப் ஓட்டிப் பிழைக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘நீ வாடகைக்கு ஓட்டுகிறாய், நீ நுகர்வோரே இல்லை’ என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். சொந்த உழைப்பில் வயிறு கழுவுவதற்காக மட்டுமே வண்டி வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. கொழுக்குமலைக்கு வாடகை ஜீப்பில் ஏறும் பயணியும் காசு கொடுத்துச் சேவை பெறுகிறவர்தான். அடியில் ‘டக்’ கேட்டால் நிறுத்தச் சொல்லிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

புது கிராஸ் மாட்டிய மெக்கானிக் அண்ணனிடம் பில்லில் விவரம் எழுதச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்: ‘பின் ஷாஃப்ட், கிராஸ் 2, கிரீஸ் நாலு பக்கமும் வந்தது.’ கீழே கையெழுத்து, தேதி, ஓடிய கிலோமீட்டர். அந்தப் பில் இப்போது ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே உறையில் இருக்கிறது.