தலைக்குள் கட்டி, மனதுக்குள் பாரம்



வீட்டில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று வைத்தியர் சொன்னதும், "பிழைப்பாரா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அவர் மனம் என்ன பாடுபடுகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

மூளைக் கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. ஆனால் எந்தக் கட்டியானாலும் அது வளரும் இடம் எது? நம் நினைவும் பேச்சும் பொறுமையும் குடியிருக்கும் மூளை! நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியில் கட்டி வந்தால் சாந்தமானவரும் எரிந்து விழலாம். ஓடியாடித் திரிந்தவர் எதிலும் பற்றின்றி உட்கார்ந்துவிடலாம். வீக்கம் வற்றக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் தூக்கத்தைக் கெடுக்கும், மனதை அலைக்கழிக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலைத் தரும். இவற்றோடு மரண பயம், பிள்ளைகளைப் பற்றிய கவலை, பிறர் கையை எதிர்பார்க்கும் வேதனை!

இதை அறியாமல் நாம் என்ன சொல்கிறோம்? "குணம் மாறிவிட்டது", "யாரோ சூனியம் செய்துவிட்டார்கள்", "ஈமான் குறைந்துவிட்டது". நோயாளியின் நெஞ்சில் இவை முள்ளாகத் தைக்கும். துஆச் செய்யுங்கள், ஆனால் மருந்தையும் கிளினிக்கையும் விட்டுவிடாதீர்கள்.

வன்னியில் வாழ்வோருக்கு இன்னொரு பாரமும் உண்டு. அது தூரம். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்கோ மஹரகமவுக்கோ போக வேண்டியிருக்கலாம். வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இச்சிகிச்சை பல வாரங்கள் நீடிக்கும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். பயணமும் தங்குமிடமும் இழந்த நாட்கூலியும் இலவசமா? அதோடு, 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின் நீராவிப்பிட்டிக்கும் சாளம்பைக்குளத்துக்கும் திரும்பிய பல குடும்பங்களின் உறவினர் இன்னும் புத்தளத்தில் இருக்கிறார்கள். நோயாளியோடு இரவில் விழித்திருக்க ஆள் கிடைப்பதே சிரமம்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, கேளுங்கள். புற்றுநோயாளரின் மனத்துயரை அறிய வைத்தியர்கள் கையாளும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. "துயரமே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. இந்த வாரம் உங்களுக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். வீட்டிலும் கேட்கலாம். 4 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு, எழுதுங்கள். தூக்கம், கோபம், அழுகை, வலிப்பு வந்த நாள் ஆகியவற்றைக் கொப்பியில் குறித்துக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். மருந்தை மாற்றினாலே மனம் தெளிவோர் உண்டு. மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு. ஆனால் நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்; வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து!

மூன்று, இபாதத்தைச் சுமையாக்காதீர்கள். ரக்அத் மறந்துபோகிறதே என்று அழும் உம்மாவைக் கடிந்துகொள்ளலாமா? பக்கத்தில் இருந்து நினைவூட்டுங்கள். நோயாளி உட்கார்ந்தும் படுத்தும் தொழலாம். நோன்புக்கும் சலுகை உண்டு. நோன்பென்று வலிப்பு மருந்தை விட்டுவிட வேண்டாம்.

நான்கு, "இனி வாழ்ந்து என்ன பயன்?" என்று அவர் சொன்னால், "அப்படிச் சொல்வது பாவம்" என்று வாயடைக்காதீர்கள். தனியே விடாமல் அருகிலிருந்து, அன்றே வைத்தியருக்குத் தெரிவியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கடைசியாக, பராமரிக்கும் சகோதரியே, உங்களுக்கு! நீங்களும் மனுஷிதான். களைப்பதும் சலிப்பதும் குற்றமல்ல. வாரத்தில் ஓர் இரவாவது நாத்தனாரோ மகனோ விழித்திருக்கட்டும், நீங்கள் உறங்குங்கள். அயல்வீட்டுச் சகோதரிகளே, பார்க்கப் போகும்போது பழத்தோடு ஒரு மணி நேரத்தையும் கொண்டு போங்கள். "நான் இருக்கிறேன், நீ கொஞ்சம் படு" என்று சொல்லுங்கள்.

கட்டியை அகற்றுவது வைத்தியரின் வேலை. மனப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது வீட்டாரின் வேலை. அதற்குப் பட்டம் தேவையில்லை, பரிவு போதும்!