மாடியில் தங்கிய மாணவி



உங்கள் வீட்டு வாசலில் ஒருநாள் அயல்நாட்டு மாணவர் ஒருவர் வந்து நின்று, தங்குவதற்கு இடம் கிடைக்குமா என்று கேட்டால், நீங்கள் என்ன மறுமொழி கூறுவீர்கள்? அந்தக் கேள்வியை ஒரே ஆண்டில் இருமுறை எதிர்கொண்டவன் நான். இரண்டாம் முறை கேட்டவருக்கு மாடியைக் கொடுத்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மாணவி எங்கள் மதுரையில் எவ்வாறு வாழ்ந்தார், இந்தியாவில் எங்கெல்லாம் பயணம் செய்தார் என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன். முதல்முறை கேட்டவருக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

பரிமாற்ற மாணவர் என்போர் யார்?

தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தபடியே, ஒரு பருவமோ ஓராண்டோ வேறு நாட்டில் பயின்று, அங்கு பெறும் மதிப்பெண்களைத் தம் பட்டத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்பவரே பரிமாற்ற மாணவர். இவரன்றி, முழுப் பட்டப் படிப்புக்காகவே நம் நாட்டுக்கு வருவோரும் பலர். 2021-22 ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கல்வி நிலையங்களில் பயின்ற அயல்நாட்டு மாணவர்கள் 46,878 பேர். இவர்களில் நேபாளத்தவரே மிகுதி. ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா, தான்சானியா முதலிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருகின்றனர்.

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரான மௌலானா அபுல் கலாம் ஆசாத், 1950 ஆம் ஆண்டு இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான பேரவையை நிறுவினார். அப்பேரவையின் உதவித்தொகை பெற்று நம் நாட்டில் பயின்ற அயல்நாட்டவர் ஏராளம். ஆப்கானிஸ்தானின் அதிபராயிருந்த ஹாமித் கர்சாய் சிம்லாவில் பயின்றவர். மலாவி நாட்டின் அதிபராயிருந்த பிங்கு வா முத்தாரிகா டில்லியில் பயின்றவர். இன்று நம் தெருவில் புத்தகப் பையுடன் நடந்து செல்லும் இளைஞர் நாளை எந்த நாட்டில் எப்பொறுப்பில் அமர்வார் என்று யார் அறிவார்?

எங்கள் மாடிக்கு வந்தவர்

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் தமிழ் கற்க மதுரைக்கு வருவது பல பத்தாண்டுகளாக நிகழ்ந்து வரும் ஒன்று. அவ்வாறு 2023 ஆகஸ்டில் வந்தவரே இந்த மாணவி. ஆண்டில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் வட பகுதியைச் சேர்ந்தவர்; வயது இருபத்தொன்று. ஒரு முஸ்லிம் குடும்பத்துடன் தங்கி, வீட்டில் பேசும் தமிழைக் கற்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நண்பர் ஒருவர் அழைத்து வந்தார். அன்று மாலையே இசைவு தெரிவித்துவிட்டேன்.

நம்மில் பலர் அஞ்சுவது காகித வேலைக்கே. உண்மையில் அது கடினமன்று. அயல்நாட்டவரைத் தங்க வைப்போர் 24 மணி நேரத்திற்குள் அதனை இணையவழியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாள்களுக்கு மேல் செல்லும் மாணவர் விசாவில் வருவோர், வந்த 14 நாள்களுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். என் மூத்த மகள் துணையிருக்க, எங்கள் பங்கு வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

வந்த மறுநாள் விடியற்காலையில் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தவர், ஒரு மாதத்திற்குப் பிறகு அது கேட்கும் முன்பே விழிக்கத் தொடங்கினார். வாளித் தண்ணீரில் குளிப்பது, துணியைக் கல்லில் துவைப்பது, வலக்கையால் சோறு பிசைந்து உண்பது ஆகிய மூன்றையும் என் தாயார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பிள்ளைகள் என் தாயாரை ‘நன்னி’ என்று அழைப்பதைக் கேட்டு அவரும் அவ்வாறே அழைத்தார். என் மனைவி அவருக்கு ‘அக்கா’. நான் தெருவிலுள்ள அனைவருக்கும் போலவே ‘ஹஜரத்’.

வகுப்பில் அவர் கற்ற தமிழ் வேறு. தெருவில் கேட்ட தமிழ் வேறு. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று அவர் முழுமையாகச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் சிறுவர்கள் சிரித்துவிடுவர். ழகரம் அவர் நாவில் ஏற நான்கு மாதங்களாயின. வழியில் காண்போரெல்லாம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பது தொடக்கத்தில் அவருக்கு விளங்கவில்லை. தமக்கு உணவு வாங்கித் தரப்போகிறார்கள் என்றெண்ணிச் சிலமுறை காத்து நின்றாராம்! அது நலம் விசாரிக்கும் முறை என்று அறிந்தபின், தாமே பால்காரரிடமும் பூக்காரப் பெண்மணியிடமும் அதனைக் கேட்கலானார்.

இன்னல்களும் இல்லாமலில்லை. இரண்டாம் மாதம் வயிற்றுக் கோளாறால் ஒரு வாரம் படுத்துவிட்டார். அண்டை வீட்டுப் பெண்கள் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தனர். ஆயினும், “உன் தகப்பனாருக்கு என்ன சம்பளம்? உனக்கு ஏன் இன்னும் திருமணமாகவில்லை?” என்று ஒரே நாளில் ஆறு பேர் கேட்டபோது அவர் மாடியில் அமர்ந்து அழுததையும் நான் அறிவேன். ஆட்டோவில் இரு மடங்கு கட்டணம், அனுமதியின்றிக் கைப்பேசியில் படம் எடுப்போர், கூட்ட நெரிசலில் சில கயவர்களின் அத்துமீறல் ஆகியவற்றையும் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அவற்றை என் மனைவி எடுத்துச் சொன்னபோது எனக்கு நாணமாக இருந்தது.

இரயிலில் கண்ட இந்தியா

அரையாண்டு விடுமுறையில் அவரும் உடன்பயிலும் தோழி ஒருவரும் பயணம் புறப்பட்டனர். முதலில் இராமேசுவரம். பிறகு பாண்டியன் விரைவு இரயிலில் ஓரிரவு பயணம் செய்து சென்னை. அங்கிருந்து தமிழ்நாடு விரைவு இரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து டில்லி. காத்திருப்புப் பட்டியல் என்றால் என்ன, அது எப்போது உறுதியாகும் என்பதை விளக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது தேவைப்பட்டது!

அந்த நெடும் பயணத்தில் எதிரே அமர்ந்திருந்த குடும்பம் தங்கள் புளிச்சோற்றைப் பகிர்ந்தளித்ததாம். நிலையத்திற்கு நிலையம் தேநீர் விற்போரின் மொழி மாறுவதை அவர் எண்ணி எழுதியிருந்தார்: தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி. டில்லியில் நிஜாமுத்தீன் பகுதிக்குச் சென்று அமீர் குஸ்ரூவும் மிர்ஸா காலிபும் அடக்கமாகியுள்ள இடங்களைக் கண்டார். கடைக்காரர் ஒருவர் எந்த ஊர் என்று வினவியபோது, சற்றும் யோசிக்காமல் ‘மதுரை’ என்று கூறிவிட்டாராம்.

ஆக்ராவுக்கு வெள்ளிக்கிழமை சென்று இறங்கியிருக்கின்றனர். அன்று தாஜ்மஹால் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. ஹஜரத் வீட்டில் தங்கியும் ஜும்ஆ நாளை மறந்தீரே என்று நாங்கள் கேலி செய்தோம். மறுநாள் சென்றபோது நம்மவருக்கு 50 ரூபாய், அயல்நாட்டவருக்கு 1,100 ரூபாய், உள்மண்டபத்துக்குத் தனியே 200 ரூபாய் என்றிருந்ததைப் பற்றி அவர் குறைப்படவில்லை. “எல்லா இடத்திலும் பலகையில் எழுதி வைத்தே அதிகம் வாங்கினால் எனக்கு மகிழ்ச்சிதான்” என்றார்.

திரும்பும் வழியில் ஹைதராபாத் சென்று, 1591 இல் கட்டப்பட்ட சார்மினாரைக் கண்டு, வளையல்களுடன் மதுரை வந்து சேர்ந்தார். எதைக் கண்டு மிகவும் வியந்தீர் என்று நான் கேட்டதற்கு, அந்த இரயில் பெட்டியின் புளிச்சோற்றைத்தான் சொன்னார்.

நோன்பு துறந்த வேளையில் ஒரு கேள்வி

இரமலான் வந்தது. நோன்புக் கஞ்சிக்கு மாலைதோறும் அவர் கீழே வந்துவிடுவார். முதல் வாரத்திலேயே அந்தச் செய்தி வந்தது. 2024 மார்ச் 16 இரவு, அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழக விடுதி வளாகத்தில் தராவீஹ் தொழுதுகொண்டிருந்த அயல்நாட்டு மாணவர்களை ஒரு கும்பல் தாக்கியது. ஆப்பிரிக்கா, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், இலங்கை எனப் பல நாட்டவர் அங்குப் பயின்றுவந்தனர். சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பின்னர்ச் சிலர் கைது செய்யப்பட்டனர். மாணவர்கள் வேறு விடுதிக்கு மாற்றப்பட்டனர். 2017 மார்ச்சில் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டதும் என் நினைவுக்கு வந்தது.

நாங்கள் அதுபற்றி வருந்திப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாணவி கேட்டார்: “ஹஜரத், அந்த மாணவர்கள் நம் தெருவுக்கு வந்தால் அவர்களுக்கு வீடு கிடைக்குமா?”

என் தாயார் முந்திக்கொண்டு, “ஏன் கிடைக்காது? நம்ம பிள்ளைகதானே!” என்றார்.

என்னால் வாயிலிருந்த கஞ்சியை விழுங்க முடியவில்லை.

வாசகர்களே! அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 2023 ஜூனில், நகரின் கல்லூரியொன்றில் சேர்ந்திருந்த சூடான் நாட்டு இளைஞர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்று ஸலாம் கூறினார். அவருடைய நாட்டில் ஏப்ரல் 15 அன்று உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகை என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அரபியில் பேசினார். இருபதாண்டுகளாக அரபி இலக்கணம் கற்பிக்கும் நான், தடுமாறிய அரபியில், மாடி காலியில்லை என்று கூறினேன். அவர் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எனக்கு நன்றி சொல்லிவிட்டுச் சென்றார்.

பெண் பிள்ளைகள் உள்ள வீடு என்று பின்னர் என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மாடிக்குத் தனிப் படிக்கட்டு உண்டு. அதற்கு முன் மூன்றாண்டுகள் உள்ளூர் இளைஞர்கள் இருவர் அங்கே குடியிருந்தனர். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும், ஆப்பிரிக்கரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட கதைகளுமே உண்மைக் காரணம். இரண்டு மாதங்கள் கழித்து அமெரிக்கப் பெண் வந்தபோது, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

அன்று இதனை அனைவர் முன்னிலையிலும் கூறினேன். என் தாயார் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “அந்தப் பிள்ளை எங்கே இருக்குன்னு விசாரி” என்று மட்டும் சொன்னார்.

மீண்டும் வந்த விருந்தாளி

பதினான்காம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதாவை டில்லி காஜியாக அமர்த்தினார் முகம்மது பின் துக்ளக். அதே இப்னு பதூதா எங்கள் மதுரைக்கும் வந்து, இங்கிருந்த சுல்தானின் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார். இவ்வரலாற்றை ஆண்டுதோறும் பெருமையுடன் மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். அவரும் ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவர்தாம் என்பது அந்த வாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

பத்து நாள் தேடலில் சூடான் மாணவர் கிடைத்தார். நகருக்கு வெளியே, மூவருடன் ஓர் அறையில் தங்கியிருந்தார். நோன்புப் பெருநாள் அன்று நால்வரையும் விருந்துக்கு அழைத்தேன். வந்தனர். வாசலில் நின்று, “இந்த வீட்டை எனக்குத் தெரியும்” என்றார் அவர். நான் மன்னிப்புக் கேட்டேன். “பதினொரு வீடுகளில் கேட்டேன். மற்ற வீடுகளிலிருந்து யாரும் என்னைத் தேடி வரவில்லை” என்று கூறிவிட்டு உள்ளே வந்தார். அமெரிக்க மாணவி தமிழில் பரிமாற, சூடான் மாணவர் அரபியில் நன்றி கூற, இடையிலே மொழிபெயர்த்து நான் திணறிய அந்த மதியத்தை மறப்பதற்கில்லை.

மாணவி 2024 மே மாதம் தாயகம் திரும்பினார். மாடியை ஏற்றுக்கொள்ளுமாறு சூடான் மாணவரிடம் கேட்டேன். தம் படிப்பு முடியப்போவதாகக் கூறி, தமக்கு இளைய மாணவர் இருவரை அனுப்பினார். அமெரிக்க மாணவி தந்த அதே வாடகை. தொடக்கத்தில் இரண்டு வீட்டார் முணுமுணுத்தனர். இப்போது அவ்விருவரே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கின்றனர்.

நாம் செய்யக்கூடியவை

வாசகர்களே, இது பெரிய தியாகத்தைக் கோரும் செயலன்று. வீடு கேட்டு வருவோரிடம் கல்லூரிச் சான்றும் கடவுச்சீட்டும் கேளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதை உரிய நேரத்தில் தெரிவியுங்கள். உள்ளூராரிடம் வாங்கும் வாடகையையே வாங்குங்கள். சம்பளம், திருமணம், நிறம் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களைத் தவிருங்கள். நம் பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிக்கொடுங்கள். காய்ச்சி ஆறிய நீர், காரம் குறைந்த ஒரு குழம்பு, நோய்வாய்ப்பட்டால் உடன் வர ஒருவர் ஆகிய மூன்றும் முதல் மாதத்தில் அவர்களுக்கு மிகவும் தேவை. வீடு கொடுக்க இயலாதவர்கள் பெருநாள் விருந்துக்கேனும் அழைக்கலாம். உங்கள் ஊர்க் கல்லூரியில் கேட்டால், விடுமுறைக்கும் வீடு செல்ல இயலாமல் விடுதியில் தனித்திருப்போர் யார் யாரென்று சொல்வார்கள்.

அண்மையில் அம்மாணவியிடமிருந்து தமிழில் ஒரு மடல் வந்தது. எழுத்துப் பிழைகள் நான்கைந்து இருந்தன. நன்னியின் உடல்நலத்தை விசாரித்திருந்தார். தெருவில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். இறுதி வரியில், “மாடியில் இருக்கும் தம்பிகள் சாப்பிட்டாச்சா?” என்று எழுதியிருந்தார்.

வஸ்ஸலாம்.